இருபது மாதம் கட்டிக் கிடந்த படகு: முகத்துவாரத்தில் ஒரு டீசல் எஞ்சினை மீட்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 28 அடி நீளமான கண்ணாடியிழைப் படகு. உள்ளே மூன்று சிலிண்டர் கொண்ட ஜப்பானிய டீசல் எஞ்சின். வலு முப்பது குதிரைவலுவுக்குச் சற்றுக் குறைவு. கொழும்பின் வட அந்தத்தில், களனி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மட்டக்குளிப் பக்கக் கரையில் அது கட்டிக் கிடந்தது. உரிமையாளர் ஐம்பத்தெட்டு வயதுச் சம்மாட்டி. விடியுமுன் போய் மாலைக்குள் திரும்பும் ஒருநாள் தொழில்தான் அவருடைய குடும்பத்தின் வருமானம். மகனுக்கு இருபத்துநான்கு வயது.

படகைப் பற்றி ஒரு விவரத்தை முதலிலேயே சொல்ல வேண்டும். அது மீன்பிடிக்காகக் கட்டப்பட்டதல்ல. முன்பு இருந்தவர் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்காகக் கட்டியது. அந்தத் துறையில் நிற்கும் மற்ற எஞ்சின் படகுகளில் பெரும்பாலானவற்றில் புகைக்குழாய் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கும். புகை வறண்டபடியே வெளியேறும். இந்தப் படகில் சத்தமும் சூடும் பயணிகளைத் தாக்கக்கூடாது என்பதற்காகப் புகையோடு கடல்நீரைக் கலந்து, பின்புறத்தால் வெளியேற்றும் ஏற்பாடு இருந்தது. நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடே வேர்.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியபோது இந்தக் கரையோரத்தில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அதிலிருந்து ஓரளவு எழுந்த வேளையில் 2022 இன் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு ஜூன் 26 அன்று ஒரு லீற்றர் டீசலின் விலை 460 ரூபாவுக்கு ஏறியது. விலையைவிட வரிசைதான் சம்மாட்டியை முறித்தது. இரண்டு இரவு வரிசையில் நின்று வாங்கிய டீசலைப் படகின் தொட்டியில் ஊற்றினார். மூன்றாவது தடவை வெறும் கலனோடு திரும்பினார். அன்றே படகைக் கட்டிவிட்டு, அடித்தளத்தில் கடல்நீர் உள்ளே வரும் கேட் வால்வை மூடிவிட்டுப் போனார். மகன் கட்டட வேலைக்குப் போனான்.

நான் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் இருபத்தாறு ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன். கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். சம்மாட்டியின் மனைவி வழியில் எனக்குத் தூரத்து உறவு.

நான் போவதற்கு முன் நடந்தவை

2024 பெப்ரவரி முதல் வாரம். மேற்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் அவை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் சிறிய படகுக்கு வேலை குறைந்துவிடும். கையில் மூன்று மாதம்கூட இல்லை என்ற அவசரத்தில் சம்மாட்டி புதிய பற்றரி வாங்கி, துறையில் எல்லோரும் ‘பாஸ்’ என்று அழைக்கும் இயந்திரத் திருத்துநரைக் கூட்டிவந்தார்.

பாஸ் அனுபவசாலி. தமிழும் சிங்களமும் பேசுவார். நூறு படகாவது அவர் கைபட்டிருக்கும். அவர் ஒயில் அளவைப் பார்த்தார், பற்றரியைப் பூட்டினார், கேட் வால்வைத் திறந்தார், சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுழன்றது; பற்றவில்லை. மறுபடி திருப்பினார். பற்றரி இறங்கும்வரை முயன்று, இரவு சார்ஜ் ஏற்றி, அடுத்த நாள் தொடர்ந்தார்கள். மூன்றாம் நாள் சாவியைத் திருப்பியதும் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். அதோடு எஞ்சின் அசையவில்லை.

பதினொரு நாள் அது அப்படியே கிடந்தது. சம்மாட்டி புறக்கோட்டைப் பக்கம் பழைய எஞ்சின்களின் விலை விசாரித்துத் திரிந்தார். விலை கேட்டுக் கலங்கிய பிறகுதான் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “எஞ்சின் இறுகிவிட்டது அண்ணா. இருபது மாதம் சும்மா விட்டேன், துருப்பிடித்துவிட்டது” என்றார்.

அவர் தன்னையே குற்றம் சொன்னது எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அது தவறு. அந்த எஞ்சினுக்கு நேர்ந்த சேதத்தில் பெரும்பங்கு இருபது மாதத்தில் நேர்ந்ததல்ல. சாவியைத் திருப்பிய மூன்று நாளிலும் அதன்பின் கிடந்த பதினொரு நாளிலும் நேர்ந்தது.

முதல் நாள் பார்த்தவை

நான் போனதும் முதலில் பற்றரிக் கம்பியைக் கழற்றினேன், கேட் வால்வை மூடினேன். இனி யாரும் சாவியைத் தொடக்கூடாது என்றேன்.

ஒயில் குச்சியை இழுத்தபோது ஒயில் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது. நிறம் பால்தேநீர். ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. புகைக்குழாயின் அடியில் உள்ள தண்ணீர்ச் சைலன்சரின் வடிகால் திருகைத் திறந்தோம். ஒன்பது லீற்றருக்கு மேல் கடல்நீர் வடிந்தது. ஓடி நின்ற எஞ்சினில் அந்தப் பெட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிஞ்சும். இது வாய்வரை நிரம்பியிருந்தது.

சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் மூன்று இன்ஜெக்டர்களையும் கழற்றினோம். முதல் துளைக்குள் வெளிச்சம் அடித்தபோது உலர்ந்த கரி. இரண்டாவதில் ஈரம். மூன்றாவதில் பிஸ்டனின் தலைக்கு மேல் தண்ணீர் நின்றது.

தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதை அங்கேயே தீர்மானிக்க விரும்பினேன். வழி தெரியாமல் திருத்தினால் அதே தண்ணீர் திரும்ப வரும். இரண்டு வழிகள் சாத்தியம். ஒன்று, எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகில் கடல்நீர் குழாய் வழியே தானாக உறிஞ்சப்பட்டு மெல்ல மெல்லப் புகைக்குழாயை நிரப்புவது. அதைத் தடுக்கக் குழாயின் உச்சியில் ஒரு சிறிய காற்று வால்வு இருக்கும். இந்தப் படகில் அது உப்புப் பூத்து அடைபட்டிருந்தது. ஆனால் கேட் வால்வு இருபது மாதமும் மூடியே இருந்தது என்று சம்மாட்டி உறுதியாகச் சொன்னார். மூன்றாம் சிலிண்டரில் தெரிந்த துருவும் செம்மஞ்சள் நிறத்தில், விரலால் தேய்த்தால் வரும் புதிய துரு. மாதக்கணக்கில் தண்ணீர் நின்றிருந்தால் கறுத்துத் தடித்திருக்கும்.

மற்ற வழி, ஓடாத எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருப்பது. கடல்நீர்ப் பம்பியை எஞ்சின்தான் சுழற்றுகிறது. ஆகவே சாவியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் பம்பி தண்ணீரைத் தள்ளும். அந்தத் தண்ணீர் எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் கூலர் வழியாகப் போய், எல்போ என்ற வளைகுழாயில் புகையோடு கலந்து, சைலன்சர் பெட்டியில் விழும். எஞ்சின் ஓடினால் புகையின் அழுத்தம் அதைத் தூக்கி வெளியே எறியும். எஞ்சின் பற்றாவிட்டால் தூக்குவதற்கு எதுவும் இல்லை. பெட்டி நிரம்பும், தண்ணீர் எல்போவுக்கு ஏறும், திறந்திருக்கும் எக்ஸோஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் அதில் மோதி நின்றதுதான் அந்த ‘டக்’.

வறண்ட புகைக்குழாய் உள்ள படகில் கேட் வால்வைத் திறந்துவைத்துச் சுழற்றுவதால் இந்த ஆபத்து இல்லை. பாஸ் செய்தது அவர் வாழ்நாள் முழுவதும் சரியாக இருந்த ஒரு பழக்கம். இந்தப் படகில் மட்டும் அது தவறாகிவிட்டது.

இங்கே நான் ஒரு பிழை செய்தேன். இதையெல்லாம் பாஸையும் நாலு பேரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். “கேட் வால்வைத் திறந்துவிட்டு எத்தனை தடவை திருப்பினீர்கள்?” என்று கேட்டபோது என் குரலில் குற்றச்சாட்டு இருந்தது. அவர் பதில் சொல்லாமல் படகிலிருந்து இறங்கிப் போனார். “நாலைந்து தடவை இருக்கும் மாமா” என்று மகன்தான் சொன்னான்.

எஞ்சினை வெளியே எடுப்பதா?

அன்று மாலையே முடிவெடுக்க வேண்டியிருந்தது. எஞ்சினைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தால் அடிப்பக்கம்வரை பிரித்துப் பார்க்கலாம். அதற்குப் படகின் மேல்தளத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் திரும்ப ஒட்ட வேண்டும். கூலியும் நாளும் இரட்டிக்கும். பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்திருந்தால் எப்படியும் தூக்கியே ஆக வேண்டும்.

நான் தேர்ந்த வழி, படகிலேயே வைத்துத் தளர்த்திப் பார்ப்பது. ஆனால் நிறுத்தும் எல்லையை முன்கூட்டியே சம்மாட்டியிடம் சொல்லிவைத்தேன்: பத்து நாளில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் அச்சு) முழுச் சுற்றுச் சுழலாவிட்டாலோ, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்தால் சிலிண்டர் சுவரில் நகம் மாட்டும் அளவு குழி தெரிந்தாலோ, எஞ்சினை வெளியே எடுப்போம். எல்லை இல்லாமல் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் ‘இன்னும் ஒரு நாள்’ என்று ஆகிவிடும் என்பது கப்பலில் கற்றது.

தளர்த்திய ஆறு நாட்கள்

பால்தேநீர் நிற ஒயிலை அன்றே முழுவதும் இறக்கினோம். கடல்நீர் கலந்த ஒயில் ஒவ்வொரு இரவும் பெயாரிங்கைத் தின்னும். ஒயில் அறையை டீசல் விட்டுக் கழுவி, மலிவான ஒயிலை ஊற்றினோம். சிலிண்டர்களில் நின்ற தண்ணீரை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தபின், தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கு விடும் ஒயிலையும் டீசலையும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறு குவளை அளவு விட்டோம். பிறகு காத்திருப்பதுதான் வேலை.

காத்திருப்பது சம்மாட்டிக்குக் கடினமாக இருந்தது. மற்றப் படகுகள் விடியற்காலையில் போய்க்கொண்டிருந்தன. நாலடி இரும்புக் குழாயைத் திருகு முடுக்கும் சாவியில் மாட்டி இருவர் தொங்கினால் திரும்பிவிடும் என்று ஒருவர் சொன்னார். திரும்பத்தான் செய்யும், அதோடு பிஸ்டனின் வளையங்களும் உடையலாம், தண்டும் வளையலாம். கிராங்கின் முன்பக்கத் திருகில் ஒரு கை நீளச் சாவி மட்டும் போட்டு, காலையும் மாலையும் ஒரு கையால் இரண்டு பக்கமும் மாறிமாறி அழுத்தச் சொன்னேன். இரண்டு பக்கமும் அசைப்பது முக்கியம்; ஒரே பக்கம் அழுத்தினால் துரு அங்கேயே குவிந்து பிடிக்கும்.

முதல் மூன்று நாள் எதுவும் இல்லை. நாலாம் நாள் மாலை மகன் ஓடிவந்து, “சாவி அசைந்தது மாமா, ஒரு நூல்” என்றான். ஐந்தாம் நாள் கால் சுற்று. அப்போது வால்வுகளுக்கு மேலுள்ள ரொக்கர் மூடியைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டே சுழற்றினோம். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வு திறந்த நிலையிலேயே நின்றுவிட்டது. வால்வை இயக்கும் தள்ளுகோல் தளர்ந்து ஆடியது. வால்வின் தண்டு அதன் துளையில் துருவோடு பிடித்திருக்கிறது. தொடர்ந்து சுழற்றினால் ஏறிவரும் பிஸ்டன் அந்த வால்வைச் சந்திக்கும். அங்கேயே நிறுத்தி, ஹெட்டைக் கழற்ற முடிவு செய்தோம்.

அன்று இரவு பாஸின் வீட்டுக்குப் போனேன். நாலு பேர் முன் அப்படிப் பேசியது என் பிழை என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முப்பது தடவைக்கு மேல் இருக்கும் அண்ணா. ஒவ்வொரு தடவையும் இருபது செக்கன்” என்றார். அடுத்த நாள் காலையில் தன் சாவிப் பெட்டியோடு படகுக்கு வந்துவிட்டார்.

அவர் சொன்ன எண்ணிக்கை பெரிய உதவி. நாலைந்து தடவையில் ஒன்பது லீற்றர் நிரம்பாது என்பதால், உடைந்த கஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு) போன்ற வேறொரு வழியும் இருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அது தீர்ந்தது. முதல் நாளே மரியாதையாகக் கேட்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும்.

ஹெட்டைத் திறந்தபோது

முதல் சிலிண்டர் சுத்தம். இரண்டாவதில் கறை மட்டும். மூன்றாவதில், பிஸ்டன் நின்ற உயரத்தில், சுவரைச் சுற்றி ஒரு துருவளையம். அதற்குள் ஊசிமுனை அளவில் ஏழெட்டுப் புள்ளிக் குழிகள். நகத்தை ஓட்டிப் பார்த்தேன், மாட்டவில்லை. ஹெட்டின் பாரம் இல்லாததால் கிராங்கை முழுச் சுற்றுச் சுழற்ற முடிந்தது. மூன்று பிஸ்டன்களும் ஏறி நிற்கும் உயரத்தை அளந்தோம். ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லை. தண்டு வளைந்திருந்தால் மூன்றாவது பிஸ்டன் தாழ்ந்து நின்றிருக்கும். எனக்கு அந்த அளவு கிடைத்த நேரம்தான் இந்த வேலையில் மூச்சு வந்த நேரம்.

வளையங்களை மாற்ற வேண்டுமானால் ஒயில் அறையைக் கீழே இறக்க வேண்டும். எஞ்சினைத் தூக்காமல் அது முடியாது. எஞ்சினின் குறிப்பேட்டின்படி வளையம் மாற்றுவதுதான் முழுமையான வேலை. நகம் மாட்டவில்லை என்பதால், முன்பே சொன்ன எல்லையை வைத்து, மெல்லிய எமரித் துணியை டீசலில் நனைத்துச் சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்ததோடு நிறுத்தினேன். மூன்றாம் சிலிண்டர் மற்ற இரண்டைவிடப் பலவீனமாக இருக்கும் என்பதைச் சம்மாட்டியிடம் மறைக்கவில்லை. “ஓடுமா?” என்று கேட்டார். “ஓடும். புதியதுபோல் ஓடாது” என்றேன்.

ஹெட் பஞ்சிகாவத்தைக்குப் போனது. கடைசல் பட்டறையில் பிடித்த வால்வை வெளியே தட்டி எடுத்து, புதிய வால்வும் துளைக்குழலும் போட்டு, எல்லா இருக்கைகளையும் அரைத்துக் கொடுத்தார்கள். இன்ஜெக்டர்களை டீசல் பம்பி திருத்தும் கடையில் சோதித்தார்கள். ஒன்று சரியாகத் தூவியது, இரண்டு சொட்டின. சொட்டும் இரண்டுக்கும் புதிய முனைகள். சோதனையின்போது மகன் அந்தத் தூவலைக் கையால் பிடித்துப் பார்க்கப் போனான். பாஸ் அவன் கையைத் தட்டிவிட்டார். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், கையை வெட்டி எடுக்கும் நிலைவரை போகக்கூடிய காயம் அது.

புதிய கஸ்கெட்டோடு ஹெட்டைப் பூட்டியபோது திருகுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் அளவுச் சாவியால் இறுக்கினோம். பாஸ் அதுவரை கைக்கணக்கில் இறுக்கி வந்தவர். அளவுச் சாவியை எங்கே வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டார்.

டீசல் தொட்டி

எஞ்சின் முதலில் ஏன் பற்றவில்லை என்ற கேள்வி மிச்சமிருந்தது. டீசல் பில்டரைக் கழற்றியபோது பதில் கையிலேயே ஒட்டியது: கறுப்பு வழுவழுப்பு, ஊறிய தோல்போல. டீசலுக்கும் அதன் அடியில் தேங்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட கோட்டில் வளரும் பூஞ்சை அது. பாதி வெறுமையான தொட்டியில் பகலில் சூடும் இரவில் குளிரும் மாறிமாறி வர, காற்றின் ஈரம் தொட்டிச் சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். கொழும்பின் வெக்கையில் அது வளர்வதற்கு வேறு எதுவும் வேண்டாம். பில்டர் அடைத்தது, டீசல் வரவில்லை, எஞ்சின் பற்றவில்லை, பற்றாத எஞ்சினைச் சுழற்றச் சுழற்றத் தண்ணீர் ஏறியது. ஒரு பில்டரைத் திறந்து பார்த்திருந்தால் எஞ்சின் இறுகியிருக்காது.

தொட்டியில் நாற்பது லீற்றர் டீசல் இருந்தது. இரண்டு இரவு வரிசையில் நின்று வாங்கியது. அதை இறக்க வேண்டும் என்றதும் சம்மாட்டியின் முகம் மாறிவிட்டது. துணியில் வடித்துத் திரும்ப ஊற்றலாமே என்றார். அந்த டீசல் அவருக்கு என்ன என்பது எனக்குத் தெரியும்; அதனால் உடனே மறுக்காமல், ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு நாள் வைத்துக் காட்டினேன். அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர், அதன்மேல் கறுப்புப் படலம், மேலே மங்கிய டீசல். துணி படலத்தைப் பிடிக்கும். கரைந்திருக்கும் ஈரத்தையும் நுண்ணிய துகளையும் பிடிக்காது. அவர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இறக்குங்கள்” என்றார். தெளிந்த மேல்பகுதியைப் பாகங்கள் கழுவுவதற்கு வைத்துக்கொண்டோம்.

தொட்டியின் கைத்துளையைத் திறந்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, பூஞ்சைக்கொல்லி கலந்த புதிய டீசலை நிரப்பினோம். எஞ்சினுக்கு முன்னால், அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள தண்ணீர் பிரிக்கும் பில்டர் ஒன்றும் புதிதாகப் பூட்டினோம்.

கூலரும் மற்றவையும்

கடல்நீர்ப் பம்பிக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரின் ஆறு இதழில் இரண்டு இல்லை. ஒன்று பம்பியின் வெளிவாயிலேயே கிடந்தது. மற்றது வெளியே அடித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கூலரின் குழாய்க்கட்டை வெளியே எடுத்துச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தோம். அலுமினிய உறையை அதில் போடவில்லை. அமிலம் அதைத் தின்றுவிடும். கூலரை அரிப்பிலிருந்து காக்கத் தான் கரையும் துத்தநாகத் துண்டு முழுவதும் கரைந்திருந்தது, மாற்றினோம். எல்போவுக்குள் கரியும் துருவும் சேர்ந்து பாதி வழியை மூடியிருந்தன; அதைச் சுரண்டாமல் புதிதாக வாங்கினோம். அடைபட்ட காற்று வால்வையும் மாற்றினோம். கம்பிகளில் பச்சை பூத்த முனைகளை வெட்டிப் புதிது போட்டோம்.

முதல் இயக்கம்

மார்ச் 16, சனிக்கிழமை. சாவியைத் திருப்புமுன் காற்று உள்ளே போகும் வாய்க்கு அளவாக வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை மகனின் கையில் கொடுத்தேன். சிலிண்டரில் தேங்கிய ஒயிலை எரித்துக்கொண்டு டீசல் எஞ்சின் கட்டுமீறி ஓடத் தொடங்கினால், டீசலை நிறுத்தினாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

கேட் வால்வை மூடி, நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, பத்துப் பத்து செக்கனாக மூன்று தடவை சுழற்றினோம். ஒயில் அழுத்தம் எழுந்தது. பிறகு பில்டரின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பியால் காற்றை வெளியேற்றினோம்; அடுத்துப் பம்பியின் திருகு; கடைசியாக இன்ஜெக்டர் குழாய்களின் முனைகள். குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்கிவிட்டு, பாஸைச் சாவியைத் திருப்பச் சொன்னேன்.

இரண்டாவது தடவையில் பற்றியது. பற்றிய கணமே சம்மாட்டி கேட் வால்வைத் திறந்தார். வெள்ளைப் புகை பின்புறத்தை மூடியது. இரண்டு சிலிண்டர் அடித்தது, மூன்றாவது விட்டு விட்டுச் சேர்ந்தது. நாலு நிமிடத்தில் மூன்றும் ஒரு தாளத்துக்கு வந்தன. பலகைத் துண்டுக்கு வேலை வரவில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டு ஒயிலை இறக்கினோம். இன்னும் சற்றே வெளிறியிருந்தது. இப்படி மூன்று தடவை மாற்றிய பிறகே ஒயில் தன் நிறத்தில் நின்றது.

சூடான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்தோம். சதுர சென்ரிமீற்றருக்கு முதலாவது 28 கிலோ, இரண்டாவது 27, மூன்றாவது 22.

கடல் சோதனையும் என் இரண்டாவது பிழையும்

கியரையும் சுழலித் தண்டையும் இணைக்கும் கப்லிங்கின் இரண்டு முகங்களுக்கும் இடையிலான நேரைப் படகு மிதக்கும்போதே சரிபார்த்துத் திருத்திவிட்டு, மார்ச் 21 அன்று வெளியே போனோம். ஆற்று வாய்க்கு வெளியே நாற்பது நிமிடம் அரை வேகத்தில் எல்லாம் சரி. வேகத்தைக் கூட்டிய பத்து நிமிடத்தில் சூட்டுமானி 82 இலிருந்து 96 பாகைக்கு ஏறியது. பின்புறத்தால் வரும் தண்ணீர் மெலிந்திருந்தது. வேகத்தைக் குறைத்து மெல்லத் திரும்பினோம்.

கரையில் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றியதில், கூலருக்குள் நுழையும் வளைவில் அந்த இரண்டாவது ரப்பர் இதழ் குறுக்கே படுத்திருந்தது. மெதுவாக ஓடும்போது அதைச் சுற்றித் தண்ணீர் போயிருக்கிறது. வேகத்தில் அது வாயை அடைத்திருக்கிறது. காணாமற்போன இதழைக் கண்டுபிடிக்கும்வரை தேட வேண்டும் என்பதைப் பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று ஐந்து குழாய் கழற்றும் சோம்பலில் ‘வெளியே போயிருக்கும்’ என்று விட்டேன். கடலில் மூவரின் உயிர் அந்த ஊகத்தின் மேல் மிதந்தது.

பெரிய வெள்ளிக்கு முன் செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம். சூடு 84 ஐத் தாண்டவில்லை.

பின்னர்

உயிர்த்த ஞாயிறு கழிந்த செவ்வாயிலிருந்து படகு தொழிலுக்குப் போனது. மே நடுப்பகுதியில் காற்று எழும்வரை ஆறு வாரம் ஓடியது. மொத்தச் செலவு, சம்மாட்டி விசாரித்த பழைய எஞ்சினின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. நூறு மணித்தியால ஓட்டத்துக்குப் பிறகு அமுக்கத்தை மறுபடி அளந்தபோது மூன்றாம் சிலிண்டர் 24 ஆகியிருந்தது. ஒட்டிக் கிடந்த வளையங்கள் ஓட்டத்தில் இளகியிருக்கின்றன. ஒயில் கொஞ்சம் எரிகிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை சிறிது ஊற்ற வேண்டியிருக்கிறது. ஒன்றிரண்டு ஆண்டில் எஞ்சினைத் தூக்கி வளையம் மாற்றும் செலவு வரும். அதற்குச் சம்மாட்டி தனியாகப் பணம் ஒதுக்கி வருகிறார்.

பருவக்காற்றில் படகு மறுபடி கட்டப்பட்டது. இம்முறை தொட்டியை விளிம்புவரை நிரப்பிக் கட்டினார்கள். வாரம் ஒருமுறை மகன் போய், படகைக் கயிற்றில் கட்டியபடியே கியரைப் போட்டு அரை மணித்தியாலம் பாரத்தோடு ஓடவிடுகிறான். கிண்ணத்தில் தண்ணீர் தெரிந்தால் வடிக்கிறான். வரும்போது கேட் வால்வை மூடுகிறான்.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

நீண்ட நாள் கிடந்த எஞ்சினுக்கு அழைத்தால், சாவியைத் தொடுமுன் தொட்டியின் அடியிலிருந்து ஒரு போத்தல் டீசல் எடுத்துப் பார்ப்பேன், பில்டரைத் திறப்பேன், இன்ஜெக்டரைக் கழற்றிக் கையால் ஒரு சுற்றுச் சுழற்றுவேன். இதற்கு ஒரு முற்பகல் போதும். இறுகியது என்று தெரிந்த நாளே ஒயிலையும் தண்ணீரையும் வெளியேற்றச் சொல்வேன், நேரில் போக முடியாவிட்டாலும் தொலைபேசியிலாவது. அந்தப் பதினொரு நாளில் பாதியைத் தவிர்த்திருந்தாலே மூன்றாம் சிலிண்டர் இன்று வேறு நிலையில் இருந்திருக்கும். வளையத்தை மாற்றாமல் விட்ட முடிவை இன்றும் சரியென்றே நினைக்கிறேன். அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பருவம் தேவைப்பட்டது. முன்பு கைவைத்தவரிடம் முதலில் தனியாகப் பேசுவேன்.

பாஸ் ஒரு வேலை செய்திருக்கிறார். நான் காற்றை அடைக்க வெட்டிக்கொடுத்த ஒட்டுப்பலகைத் துண்டைக் கயிற்றில் கட்டிச் சாவிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அதன் ஒரு பக்கத்தில் தமிழிலும் மறுபக்கத்தில் சிங்களத்திலும் பெயின்டால் எழுதியிருக்கிறது: ‘இரண்டு தடவை திருப்பியும் பற்றாவிட்டால் கேட் வால்வை மூடு. பெட்டித் தண்ணீரை இறக்கு. பிறகு காரணத்தைத் தேடு.’ துறையில் இதேபோன்ற புகைக்குழாய் உள்ள இன்னும் இரண்டு படகுகளுக்கும் அவரே எழுதிக்கொடுத்திருக்கிறார்.